சித்ராவின் கதையை யார் சொன்னது?



டொக்டரைப் பேசக் கூப்பிட்டால் சீனி வருத்தம், பிரஷர் என்று பயமுறுத்துவார் என நினைத்திருப்பீர்கள். நான் சினிமாக்கதை பேசப்போகிறேன்.

‘புதிய பறவை’ 1964இல் வந்த படம். அன்டெனாவைத் திருப்பி அக்கரைத் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த மன்னார்ப் பிள்ளைகளுக்கு அதை அறிமுகம் செய்யத் தேவையில்லை. 60 வருடம் கடந்துவிட்டதால் முடிவைச் சொன்னாலும் கோபிக்கமாட்டீர்கள். கோபால் லதாவை மணக்க இருக்கும்போது, இறந்துபோன முதல் மனைவி சித்ரா உயிரோடு வந்து நிற்கிறாள். அவள் சித்ரா இல்லை என்று நிரூபிக்கப்போய், தான் அறைந்ததில் சித்ரா இறந்ததையும், உடலை ரயில் பாதையில் போட்டுத் தற்கொலைபோலக் காட்டியதையும் கோபாலே சொல்லிவிடுகிறான். லதா பொலிஸ்.

இந்த உரைக்காக வகுப்புத் தோழிகள் சிலரிடம் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். பேசாலையில் இருப்பவரும் கனடாவில் இருப்பவரும் சொன்ன முதல் வார்த்தை ஒன்றுதான்: “பாவம் சிவாஜி!” சித்ரா? “அவள் குடிக்கிறவள்தானே.” “வீட்டுக்கு அடங்காதவள்.” ஒருவர் எனக்கே வைத்தியம் சொன்னார்: “அவவுக்கு இதயம் பலவீனம். ஒரு அறைக்கு ஆர் சாவினம்?”

நம்மவர்கள் மட்டும் இப்படியில்லை. டாப்னே டு மாரியரின் ‘ரெபேக்கா’ 1938இல் வந்த ஆங்கில நாவல். அதில் கணவன் முதல் மனைவியைச் சுட்டுக் கொன்று, உடலைப் படகில் வைத்துக் கடலில் மூழ்கடிக்கிறான். அதைக் கேட்ட இரண்டாவது மனைவிக்கு, அவன் ரெபேக்காவை ஒருநாளும் நேசிக்கவில்லை என்பதே பெரிய ஆறுதல். பொறாமையைப் பற்றித்தான் எழுதினேன் என்று ஆசிரியை சொன்னாலும், வாசகர்கள் அதைக் காதல் கதையாகவே கொண்டாடினார்கள். 1940இல் ஹிட்ச்கொக் படமாக்கியபோது, ரெபேக்கா விழுந்து தலை அடிபட்டு இறந்ததாக மாற்றினார்கள். அக்கால அமெரிக்கத் தணிக்கை விதிப்படி, மனைவியைக் கொன்றவன் தண்டனை இல்லாமல் தப்பக்கூடாது. ஆகவே கொலையே விபத்தாகிவிட்டது.

இரண்டு கதையிலும் செத்தவள் கெட்டவள் என்று நமக்குச் சொன்னது யார்? அவளைக் கொன்றவன். கோபாலின் நினைவில்தான் உண்மையான சித்ராவைப் பார்க்கிறோம். அவள் பக்கத்துக் கதை படத்தில் கிடையாது. இல்லை என்பதை நாமும் கவனிப்பதில்லை.

வைத்தியசாலையிலும் கதை பெரும்பாலும் கூட வருபவர் வாயால்தான் வரும். “கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டா டொக்டர்.” நான் கேட்பது அவளை, பதில் சொல்வது அவர். வழுக்கி விழுபவர் கையை ஊன்றுவார். மணிக்கட்டும் முழங்கையும் முழங்காலும் காயப்படும். காதுக்குப் பின்னால், மேற்கையின் உட்புறத்தில் கண்டல் இருந்தால், ஆறியதும் ஆறாததுமாகப் பல காயம் இருந்தால், கணவரை ஏதாவது வேலையாக வெளியே அனுப்பிவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டுத் திரும்பக் கேட்போம். சிலர் சொல்வார்கள், சிலர் கடைசிவரை சொல்லமாட்டார்கள். சொல்பவர்களில் பலர் இப்படித்தான் தொடங்குவார்கள்: “நானும் கொஞ்சம் வாய் காட்டிட்டன் டொக்டர்.” கோபால் சொல்லும் கதையையே சித்ராவும் சொல்கிறாள்.

அவளுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? படம் முடிந்ததும் நாம் மண்டபத்தில் இருந்து பேசும்போது, பக்கத்தில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள். அடி வாங்கி வீட்டுக்கு வந்தால் அம்மா என்ன கேட்பா என்பதை அந்தப் பிள்ளை அன்றைக்கே தெரிந்துகொள்கிறது.

படத்தைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் சிவாஜி ரசிகைதான், இப்பவும் அழுவேன். அடுத்தமுறை வீட்டில் எல்லோரும் “பாவம்” என்னும்போது, சித்ராவிடம் கேட்டால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஒருதரம் கேட்டுப்பாருங்கள். எங்கள் வீட்டில் இரவு 11 மணிவரை சண்டை!

ஒரு தகவலையும் சொல்லவேண்டும். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். விவாகரத்துக் கேட்கவேண்டியதில்லை. அடி மட்டுமல்ல, மனதை நோகடிக்கும் கொடுமையும் அதில் அடங்கும். அரச வைத்தியசாலைகளில் ‘நட்பு நிலையம்’ இருக்கிறதா என்று தாதியரிடம் விசாரியுங்கள். பெண்களுக்கான அரச உதவித் தொலைபேசி இலக்கம் 1938. ‘ரெபேக்கா’ வந்த ஆண்டும் அதுதான், வாசிக்கிறவர்களுக்கு மறக்காது.