புவியியல் படித்த மகளுக்கு என்ன வேலை?

(மல்லாங்கிணறு உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



நாம் குழுவில் கடன் வாங்கிப் பெண் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறோம். நர்சிங் என்றால் ஊரே பாராட்டுகிறது. புவியியல் என்றால், "அதைப் படிச்சு என்ன செய்யப் போறா? கடைசியில மில்லுக்குத்தானே போகணும்" என்கிறார்கள். பட்டம் வாங்கி ஒரு வருஷம் வீட்டில் இருந்தாலே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். இது சரிதானா?

புவியியல் நமக்குத் தெரியாத பாடம் இல்லை. நம் மாவட்டத்தில் வருஷத்துக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. அதில் ஏறக்குறைய பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்துவிடும். அதைப் பிடித்து வைக்கத்தான் முன்னோர்கள் கண்மாய் வெட்டினார்கள். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். வரத்துக்கால் ஓரிடத்தில் அடைபட்டால் கீழே உள்ள ஊர்கள் காயும். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு, எங்கே சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, நேரிலும் அளந்து வரைபடமாகத் தருவதுதான் புவியியல் படித்தவர் வேலை. இதுவே சுற்றுச்சூழல் மேலாண்மை.

இந்த வேலை எங்கே கிடைக்கும்?

ஒன்று, நீர்வடிப்பகுதி, கண்மாய் மராமத்துத் திட்டங்கள். மதுரையில் 1997-ல் உருவான தானம் அறக்கட்டளை போன்ற நிறுவனங்கள் கண்மாய் விவசாயிகளோடு வேலை செய்கின்றன. இரண்டு, குவாரி, தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் கம்பெனிகள். 2006-ல் வந்த மத்திய அரசு அறிவிக்கைக்குப் பிறகு இந்த வேலைக்கு ஆள் தேவை கூடியது. மூன்று, நிலவரைபடம் தயாரிக்கும் கணினி நிறுவனங்கள்.

உள்ளதையும் சொல்லிவிடுகிறோம். வெறும் பி.ஏ. அல்லது பி.எஸ்ஸி. மட்டும் போதாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தொழில்நுட்பப் பதவிகளுக்குப் பெரும்பாலும் பொறியியல் அல்லது குறிப்பிட்ட அறிவியல் படிப்பு கேட்கிறார்கள். ஆகவே படிக்கும்போதே மூன்று காரியம் செய்ய வேண்டும்:

* ஜி.ஐ.எஸ். என்னும் கணினி வரைபடப் பயிற்சி பெற வேண்டும். கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம். இஸ்ரோ 2009-ல் தொடங்கிய புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்களைப் பார்க்கலாம்.
* விடுமுறையில் சொந்த ஊர்க் கண்மாயை வரைபடமாக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் காட்ட அதுவே சான்று.
* முடிந்தால் மேற்படிப்பு படிக்க வேண்டும். சுற்றுச்சூழல் அல்லது தொலையுணர்வுப் பாடம் எடுக்கலாம்.

கல்லூரிப் பெண்களுக்கான அரசு உதவித்தொகை பற்றிக் கல்லூரி அலுவலகத்தில் கட்டாயம் விசாரியுங்கள்.

முதல் சம்பளம் குறைவாக இருக்கலாம். வெயிலில் அலையும் வேலைதான். நாம் கரிசல் காட்டில் அலையாத வெயிலா?

சகோதரிகளே, காது குத்துக்குக் கடன் கேட்டால் யோசிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம். பயிற்சிக் கட்டணத்துக்குக் கேட்டால் மட்டும் தயங்குகிறோம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். புவியியல் படித்த பிள்ளை உங்கள் ஊரில் இருந்தால் பேர் எழுதிக் கொண்டு வாருங்கள். கல்யாணம் பேசும் முன்னால் அவளுக்கு ஒரு வருஷம் கொடுப்போம்.