கம்ப்யூட்டருக்குத் தெருவைக் காட்டுங்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஊருக்குள் தூசி எப்படிப் பரவுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பேர்தான் பெரிசு, அடிப்படை எளிது. ஊரை ஒரு பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தூசி கிளம்புகிறது, காற்றின் வேகம் என்ன, பெட்டியின் மூடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் கணக்கு ஆரம்பம். மத்தியான வெயிலில் தரை சூடேறி, காற்று ஒரு கிலோமீட்டருக்கு மேலேகூடக் கலக்கும். பனிக்கால விடியலில் அந்த மூடி வெகுவாகக் கீழே இறங்கிவிடும். 1,500 மீட்டர் 150 ஆனால், அதே தூசி பத்து மடங்கு அடர்த்தி! 2018 போகியன்று சென்னையில் விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன அல்லவா? கொளுத்தின குப்பை பாதிக் காரணம். இறங்கின மூடி மீதிக் காரணம்.

அடுத்த படி, புகைபோக்கிக் கணக்கு. காற்றோடு போகும் புகை பக்கவாட்டிலும் மேலும் கீழும் மணி வடிவத்தில் விரிகிறது என்று வைத்துக்கொள்வது. காற்றின் கலக்கத்தை 'ஏ' முதல் 'எஃப்' வரை ஆறு வகையாகப் பிரித்துக் கொடுத்தார் பாஸ்குவில், 1961-ல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை 2005-ல் ஏற்றுக்கொண்ட 'ஏர்மாட்' என்ற புரோகிராம் இதைவிட நுணுக்கமானது. நம் நாட்டு ஆலை அனுமதி அறிக்கைகளிலும் அதைப் பார்க்கலாம்.

ஆனால் எண்ணூர், அத்திப்பட்டு மாதிரிக் கடலோரத்தில் ஒரு சங்கடம் உண்டு. பகலில் வரும் கடல்காற்று குளிர்ச்சியானது. கரையேறினதும் அடியிலிருந்து சூடாகும். அந்தக் கலங்கும் அடுக்கு கரையோரம் மெல்லிசாகவும், உள்ளே போகப் போகத் தடிப்பாகவும் இருக்கும். உயரமான புகைபோக்கியின் புகை அதற்கு மேலே சலனமில்லாமல் போய், உள்ளே எங்கோ அந்த அடுக்கைத் தொட்டதும் கீழே இறங்கிவிடும். பக்கத்து ஊர் தப்பிக்கும். தள்ளியிருக்கிற ஊர் வாங்கிக்கட்டிக்கொள்ளும். ஏர்மாடில் இந்தக் கணக்கு கிடையாது. போடுகிறவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

சாலைத் தூசி இன்னொரு கதை. லாரி போனால் எவ்வளவு கிளம்பும் என்பதற்குச் சூத்திரம் இருக்கிறது. வண்டியின் எடையும், ஒரு சதுர மீட்டர் தார் ரோட்டில் கிடக்கும் 75 மைக்ரானுக்குக் குறைந்த பொடியின் எடையும் அதற்கு வேண்டும். அந்தப் பொடியை யார் அளப்பது? ரோட்டில் அளவு குறித்து, கூட்டி எடுத்து, சல்லடையில் சலித்து, தராசில் நிறுத்தாக வேண்டும். அதைச் செய்யாமல் வெளிநாட்டு அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை எடுத்துப் போட்டால், விடை வெளிநாட்டுத் தெருவுக்குத்தான் பொருந்தும்.

கடைசியாக ஒன்று. அளவைப் புள்ளிகளை நாம்தான் வரைபடத்தில் வைக்கிறோம். 10 மைக்ரானுக்கு உட்பட்ட தூசி 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டு விதி. வைத்த புள்ளியில் 90 என்று வந்தால் கோப்பு நகர்ந்துவிடும். லாரி திரும்பும் முனையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்து, அங்கே புள்ளி வைக்கவில்லையென்றால்? கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்டுக்கு மென்பொருளைத் திறக்கும் முன்னால் விளக்குமாறும் சல்லடையுமாக நாலு தெரு போய்விட்டு வாருங்கள். அங்கே குடியிருக்கிறவர்களிடம் எந்த நேரத்தில் தூசி அதிகம் என்று கேளுங்கள். அறிக்கையில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கும் என் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: விடையைப் பார்க்கும் முன் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.