ஊறு தடுக்கும் எழுத்து

(பாகலூரில் தொழிலகப் பணியாளர்க்கும் மலர் உழவர்க்கும் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

பாகலூரிலிருந்து ஓசூர்க்கு விடியற்காலையில் பேருந்தேறுவோர் உணவுக் கலத்தை மறவாமல் எடுத்துச் செல்கின்றனர். எழுதுகோலை எடுத்துச் செல்வோர் மிகச் சிலரே. எழுதுதல் அலுவலறையில் அமர்ந்திருப்பார் வேலை என்றும், பொறியை இயக்குதல் மட்டுமே தம் வேலை என்றும் அவர்கள் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பிழையானது. தொழிலகத்தில் ஒருவன் கையை இழப்பதும் இழவாமல் வீடு திரும்புவதும் பல வேளைகளில் ஒரு தாளில் எழுதப்பெற்ற நான்கு வரிகளைப் பொறுத்தே அமைகின்றன.

1971இல் சிப்காட் நிறுவனம் தோன்றியது. அதனையடுத்து, கேழ்வரகு விளைந்த இந்த எல்லை நிலத்தில் தொழிற்பேட்டை எழுந்தது. 1980இல் ஓசூரிலிருந்து மொபெட்டு வண்டிகள் வெளிவந்தன. அப்பத்தாண்டு முடியுமுன் சரக்குந்தும் கைக்கடிகாரமும் இங்கே உருவாயின. பாகலூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் பசுங்குடில்கள் அமைந்து, உரோசா மலர் தொலைநாடுகளுக்கும் செல்லலாயிற்று. பொறி வந்தது; பூச்சிக்கொல்லி வந்தது. அவற்றை ஆளுதற்குரிய எழுத்து, ஆளுவோன் மொழியில் வந்ததா என்பதே கேள்வி.

சட்டம் இதனை முற்றும் மறந்துவிடவில்லை. தொழிற்சாலையில் வைக்கப்பெறும் அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, தொழிலாளருள் பெரும்பான்மையோர்க்கு விளங்கும் மொழியிலும் இருத்தல் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் கூறிற்று. பூச்சிக்கொல்லிப் பொதியினுள் வைக்கும் துண்டறிக்கை, அது விற்கப்பெறும் வட்டாரத்தின் மொழியிலும் அச்சாதல் வேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் விதிகள் கூறின. கொடிய நஞ்சிற்குச் சிவப்பு முக்கோணமும் மண்டையோட்டுக் குறியும் வகுத்தன. ஆயினும் சட்டம் மொழியைக் கேட்டதேயன்றித் தெளிவைக் கேட்கவில்லை. தமிழெழுத்தில் இருப்பதெல்லாம் தமிழன் அறியும் எழுத்தாகிவிடாது.

ஓர் எடுத்துக்காட்டு காண்க. “பொறியின் காப்பு மூடியானது திறக்கப்படுவதற்கு முன்னர் மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்டிருப்பது உறுதி செய்யப்பட வேண்டும்.” சொற்கள் தமிழே; கட்டுமானம் ஆங்கிலம். துண்டிப்பவன் யார்? உறுதி செய்பவன் யார்? மேலும், முதலிற் செய்ய வேண்டியது பின்னும், பின்னர்ச் செய்ய வேண்டியது முன்னும் நிற்கின்றன. விரைந்து படிக்கும் கண் “மூடி திறக்க” என்பதோடு நின்றுவிடும். தமிழில் வினை சொற்றொடரின் இறுதியில் வருவது. ஆதலால் நெடிய தொடரில் செய்யற்க என்னும் விலக்குக் கடைசியிலேதான் கிடைக்கும். அதற்குள் கை பொறிக்குள் போயிருக்கும். அதனையே இவ்வாறு எழுதிப் பாருங்கள்:

1. மின்விசையை நிறுத்துக.
2. சக்கரம் முழுதும் நிற்கும்வரை காத்திருக்க.
3. விசைப் பெட்டியைப் பூட்டுக. திறவுகோலை உங்களிடமே வைத்துக்கொள்க.
4. அதன்பின் மூடியைத் திறக்க.

ஒரு தொடருக்கு ஒரு செயல். செய்யும் வரிசையே சொல்லும் வரிசை. இடர் உள்ள இடத்தில் எச்சரிக்கை செயலுக்கு முன். இவ்வளவே இக்கலையின் அடிப்படை.

இது மேலையர் கற்றுத்தர வேண்டிய புதுக்கலை என்று எவரும் மயங்க வேண்டா. நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் பவணந்தியார் நன்னூலில் வகுத்துவைத்தார். அவற்றைப் பட்டறைக்குள் கொண்டுவந்தால் போதும். “எண்ணெய் ஊற்றுக” என்று எழுதி, எந்த எண்ணெய், எத்துணை அளவு என்று கூறாமை குன்றக் கூறல். பூட்டும் முறைக்கு முன் பொறியின் பெருமையை இரண்டு பக்கம் பேசுதல் மிகைபடக் கூறல். ஒரே உறுப்பை முதல் வரியில் தாங்கி என்றும், மூன்றாம் வரியில் பேரிங்கு என்றும், ஐந்தாம் வரியில் உருளை என்றும் எழுதுதல் மயங்க வைத்தல். ஒரு பொருளுக்கு ஒரு பெயர். அது தொடக்கம் முதல் இறுதிவரை மாறாதிருத்தல் வேண்டும்.

ஐரோப்பிய வானூர்தித் தொழிலினர் 1980களில் இவ்வுண்மைக்கே வந்து சேர்ந்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத பழுதுநீக்குநர் ஆங்கிலக் கையேடுகளைப் பிழைபட உணர்ந்தால் வானூர்தி விழும் என்று அஞ்சி, அவர்கள் எளிய ஆங்கிலம் ஒன்றை வகுத்தனர். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். செயல்முறைத் தொடரில் 20 சொற்களுக்கு மேல் கூடாது என்பன அதன் நெறிகள். ஆங்கிலத்தையே அவர்கள் திருத்திக்கொண்டிருக்க, கடுமையான ஆங்கிலத்தை அறிவின் அடையாளமாக இங்குப் போற்றுவது அடிமை மனப்பான்மையன்றி வேறன்று.

தமிழில் இயலுமா என்று ஐயுறுவார்க்கு யாழ்ப்பாணம் விடை கூறும். மருத்துவர் சாமுவேல் பிசு கிறீன் மானிப்பாயில் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். 30க்கும் மேற்பட்ட மருத்துவர்களை உருவாக்கினார். அமெரிக்கர் ஒருவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா? ஓசூரையடுத்த தொரப்பள்ளியிற் பிறந்த இராசகோபாலாச்சாரியார், அறிவியற் சொற்களைத் தமிழில் திரட்டச் சேலத்தில் கழகம் கண்டது 1916இல். மறைமலையடிகள் தனித்தமிழ் நெறியைத் தொடங்கியதும் அதே ஆண்டிலேயே. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியிற் கற்பிக்கத் தொடங்கிற்று. வழி உண்டு, நடப்பாரே வேண்டும்.

ஆயினும் தமிழன்பர்க்கு ஒரு கடுஞ்சொல்லும் உரியது. தொழிலாளி அறியாத ஆங்கிலச் சொல் எத்துணைத் தீதோ, அவன் அறியாத புத்தாக்கச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையில் அத்துணைத் தீது. கடைசல் பொறி நல்ல சொல். ஆனால் பட்டறையில் அது லேத்து. “லேத்து எனப்படும் கடைசல் பொறி” என்று ஒருமுறை விளக்கிப் பின்னர்க் கடைசல் பொறி என்றே எழுதினால், சொல்லும் வாழும், கையும் பிழைக்கும். எல்லைப் பகுதியில் கன்னடமும் தெலுங்கும் பேசும் உடனுழைப்பாளர் உளர். தமக்குத் தாய்மொழியிற் கேட்கும் உரிமையை அவர்க்கு மறுப்பது அறமாகாது.

இனி, தொழிலாளியே எழுத வேண்டியது ஒன்றுண்டு. முறை மாறும்பொழுது, “இரவு பொறி சரியில்லை” என்று எழுதிவிட்டுச் செல்வது வழக்கம். அடுத்து வருபவன் அதனால் அறிவது யாது? “இரவு 2.10 மணி. 3ஆம் அழுத்துபொறி ஒருமுறை மிதித்ததற்கு இருமுறை இறங்கியது. நிறுத்திச் சிவப்பு அட்டை மாட்டினேன். 2.15க்கு மேற்பார்வையாளரிடம் கூறினேன்.” இந்நான்கு வரிகள் அடுத்தவன் விரல்களைக் காக்கும். ஊறு நேர்ந்து இழப்பீடு கேட்கும் நாளில் சான்றாகவும் நிற்கும். காலம், இடம், கண்டது, செய்தது என்னும் நான்கும் இருந்தால் போதும். கருத்தும் சினமும் வேண்டா.

எழுதியது சரியா என்று அறிய எளிய தேர்வு ஒன்றுண்டு. அத்தாளை நேற்று வேலைக்குச் சேர்ந்த இளைஞனிடம் கொடுத்துவிட்டு, வாய் திறவாமல் அருகில் நில்லுங்கள். அவன் எவ்வரியில் தயங்குகின்றானோ அவ்வரியே பிழை, அவன் பிழையன்று.

தோழர்களே! நாளைக் காலை பேருந்தேறும்பொழுது உணவுக் கலத்தோடு எழுதுகோல் ஒன்றும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். உங்கள் பொறிக்குரிய ஒரு தாளை உங்கள் மொழியில் நீங்களே எழுதுங்கள். உழைப்பவன் கையைக் காக்கும் தமிழே உயிருள்ள தமிழ்!