மின்னேற்றமும் மின்னிருப்பும்

(பொருநை கடலொடு கலக்கும் புன்னைக்காயலில், மீன்பிடித் தடைக்காலத்து மாலையொன்றில் கடலோடிகளிடையே ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)

  

இலக்கணம் நடத்துகின்றவனுக்குப் படகுப் பொறியில் என்ன வேலை என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தது என் செவியில் விழுந்தது. முறையான வினாவே. மின்னியல் என் துறையன்று. என் தம்பி இருபதாண்டு பொறிப்பட்டறை நடத்தியவன். அவன் அருகிலிருந்து கற்றதே நான் அறிந்தது. ஆயினும், என் பழைய மாணவன் ஒருவன் ஒரு சொல்லால் இருமுறை பணமிழந்த கதை என்னை இங்கு இழுத்து வந்துவிட்டது.

அவன் தூத்துக்குடி விசைப்படகொன்றில் பங்குடையவன். ஒருநாள் வலை சுழல்விசிறியிற் சிக்கியது. பொறியை நிறுத்தி வலையை அறுத்தெடுத்தான். மீண்டும் 'செல்ப்'பை அழுத்தினால் 'டக்' என்னும் ஓசை மட்டுமே வந்தது. கச்சான் வீசிக்கொண்டிருந்தது. விளக்கு மங்கியது, கம்பியில்லாப் பேசியும் ஓய்ந்தது. நற்பேறாக வேறொரு படகு கண்டு கயிறு கட்டி இழுத்து வந்தது. கரையில் ஒரு பட்டறைக்குச் சென்று, "சார்சு இல்லை" என்றான். பட்டறைக்காரர் புது 'பேட்டரி' ஒன்றை விற்றார். பதினைந்தாம் நாள் மீண்டும் "சார்சு இல்லை." மீண்டும் ஒரு புதியது! இரண்டும் கடன் பணம்.

இங்கேதான் என் துறை வருகிறது. "சார்சு இல்லை" என்றால் என்ன பொருள்? கலத்தில் மின்னிருப்பு இல்லையா? பொறி ஓடும்போது மின்னேற்றம் நிகழவில்லையா? களஞ்சியத்தில் நெல் இல்லை என்பதும் களத்திலிருந்து நெல் வரவில்லை என்பதும் ஒன்றாகுமா? ஆங்கிலத்தைக் குறைகூற வரவில்லை; ஆங்கிலேயன் தன் மொழியில் இவ்விரண்டையும் பிரித்தே சொல்கிறான். அரைகுறையாய்க் கடன்வாங்கிய நாம்தாம் இரண்டையும் ஒரே சாக்கிற் கட்டிவிட்டோம்.

இனி, பொறிக்கு வருவோம். நம் படகுகளில் உள்ள பழைய முறை டீசல் பொறி, காற்றை இறுக்கி, அவ்வெப்பத்தாலேயே எரிபொருளைக் கொளுத்துவது. ஓடத் தொடங்கியபின் அதற்கு மின் வேண்டுவதில்லை. ஆகவே, மின்னேற்றம் நின்றுபோனாலும் பொறி ஓடிக்கொண்டே இருக்கும், குறை வெளிப்படாது. நடுக்கடலில் நிறுத்திய பின்னரே தெரியும். இதுவே இந்நோயின் வஞ்சகம்.

மின்னைத் தருவது பொறியோடு வாரால் பிணைந்த மின்னாக்கி. நீங்கள் 'டைனமோ' என்பது. 1831இல் பாரடே கண்ட நெறியே அது. நம் பொருநையின் நீர் பாவநாசத்தில் 1944 முதல் உருளைகளைச் சுழற்றி மின் தருவதும் அதே நெறிதான். அங்கே ஆறு சுழற்றுகிறது. இங்கே வார் சுழற்றுகிறது. மின்னைச் சேர்த்து வைப்பது ஈயக்கலம். 1859இல் பிரெஞ்சு நாட்டுப் பிளாந்தே ஆக்கியது. ஆறு சிற்றறைகள், அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல்.

குறை காண ஒரு மின்னழுத்த அளவி போதும். இரவெல்லாம் ஓய்ந்திருந்த கலத்தைக் காலையில் அளந்து பாருங்கள். 12.6க்குக் குறையாதிருந்தால் நிறைந்த இருப்பு. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12க்குக் கீழே போனால் அதை நம்பிக் கடலேறாதீர்கள். பின்பு பொறியை ஓட்டி, மீண்டும் கலத்தின் முனைகளிலேயே அளக்க வேண்டும். 14ஐ ஒட்டி உயர்ந்தால் மின்னேற்றம் நிகழ்கிறது. (24 வோல்ட்டு அமைப்பாயின் இவற்றை இரட்டித்துக் கொள்க.) 15ஐத் தாண்டினால் சீராக்கி கெட்டது, கலம் கொதித்து நீர் வற்றும்.

உயரவேயில்லை என்றால்? உடனே மின்னாக்கியைக் கழற்றாதீர்கள்! முதலில் வார். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு விரலகலத்திற்குள் அமுங்க வேண்டும், தளர்ந்தால் வழுக்கும். அடுத்து, அளவியை மின்னாக்கியின் முனையில் வையுங்கள். அங்கே 14, கலத்தில் 12 என்றால், இரண்டிற்கும் இடையே உள்ள கம்பியே கள்வன். என் மாணவன் படகில் நடந்தது அதுவே. என் தம்பி அளந்தான்: மின்னாக்கியில் 14.1, கலத்தில் 12.3. மேலுறையை அறுத்துப் பார்த்தால், உள்ளே செம்புக்கம்பி முழுவதும் பச்சைக் களிம்பு! உப்புநீர் உறைக்குள் ஊறி அரித்திருந்தது. இரண்டு முழக் கம்பி மாற்றியதோடு நோய் தீர்ந்தது. இரண்டு புதுக்கலங்களும் குற்றமற்றவை.

மின்னாக்கியிலும் அழுத்தம் இல்லையெனில், திறவுகோலைத் திருப்பியதும் அடையாள விளக்கு எரிகிறதா என்று காண்க. பல மின்னாக்கிகளில் அவ்விளக்கின் வழியே செல்லும் சிறு மின்னோட்டந்தான் காந்தத்தை எழுப்புகிறது. விளக்கு சுட்டுப்போனால் மின்னாக்கியும் உறங்கிவிடும். விளக்கும் செவ்வையென்றால், அப்போதுதான் பட்டறை.

மின்னேற்றம் செவ்வையாக இருந்தும் காலையில் இருப்புக் குறைந்தால், ஓரிரவு எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வையுங்கள். அப்போதும் குறைந்தால் கலம் முதுமையுற்றது. குறையாவிடில் அடித்தளத்தில் எங்கோ நீர்பட்ட கம்பி மின்னைக் கசியவிடுகிறது.

இரண்டு எச்சரிக்கை. பொறி ஓடும்போது கலத்தின் கம்பியைக் கழற்றி 'டைனமோ'வை ஆய்வு செய்யும் வழக்கத்தை இன்றே விடுங்கள்; அது மின்னாக்கியின் திருத்திகளைப் பொசுக்கிவிடும். கலத்துள் கடல்நீர் புகவிடாதீர்கள். காடியும் உப்பும் சேர்ந்தால் குளோரின் எனும் நச்சுவளி கிளம்பும். ஊற்ற வேண்டியது வாலைநீரே.

நம்மவர்க்கும் ஒன்று சொல்வேன். ஏட்டில் சொல்லாக்கி ஏட்டிலேயே பூட்டிவைப்பதில் பயனில்லை. அணியம், அமரம், களிம்பு, வார் என்று இக்கடலோடிகள் வாயில் வாழும் சொற்களிடமிருந்தே நாம் தொடங்க வேண்டும். மின்னேற்றம், மின்னிருப்பு என்னும் இரண்டையும் நான் தந்தபோது, என் மாணவன் "ஏற்றம், இருப்பு" என்று சுருக்கிக்கொண்டான். அவன் சுருக்கியதே நன்று.

தடை சூன் 14 நள்ளிரவோடு முடிகிறது. அதற்குள் ஒவ்வொரு படகையும் அளந்து விடலாம். என் மாணவன் அளவியோடு வெளியே நிற்கிறான். கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். முதற்படகை இப்பொழுதே பார்ப்போம்.