பணம் போய்ச் சேர்ந்ததா?

மணியார்டர் அனுப்பிய காலம் நேயர்களிற் பலருக்கு நினைவிருக்கும். தபால் நிலையத்தில் பணத்தைக் கட்டிவிட்டதனால் மட்டும் நமக்கு நிம்மதி வந்துவிடுவதில்லை. பெற்றுக்கொண்டவர் கையொப்பமிட்ட துண்டுச் சீட்டு சில நாட்கள் கழித்து நம் வாயிலுக்கு வந்து சேரும். அதைக் கண்ட பின்னரே, 'பணம் சேர்ந்தது' என்று அமைதி அடைவோம். அச்சீட்டைக் கொணர்பவர் தபால்காரரேயன்றி வேறொருவர் அல்லர். இந்தச் சிறிய ஏற்பாட்டை மறந்தமையால் நாங்கள் பட்ட பாட்டையே இன்று சொல்லப் புகுகின்றோம்.

செகந்தராபாத்தைச் சேர்ந்த மாரெட்பள்ளியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இன்று பல வீடுகளில் முதியோர் இருவரோ ஒருவரோதான் உளர். பிள்ளைகள் கடல் கடந்து சென்றுவிட்டனர். அத்தகையோர்க்கு நண்பகல் உணவை அடுக்குப் பாத்திரத்தில் அனுப்பும் சிறு பணி ஒன்றை நாங்கள் சிலர் கூடி நடத்தி வருகின்றோம். மாதக் கட்டணம் 3,600 ரூபாய். வீடு வீடாகச் சென்று வசூலிப்பது இயலாமற்போகவே, இணையதளம் ஒன்றை அமைத்து, அதிலேயே கட்டணம் செலுத்த வழி செய்தோம்.

பணத்தைக் கணிப்பொறி வழியே செலுத்தும் கலை ஐதராபாத்துக்குப் புதியதன்று. வங்கித் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கென ரிசர்வ் வங்கி 1996இல் நிறுவிய நிலையம் இந்நகரின் மாசாப் டேங்க் பகுதியிலேயே இருக்கின்றது. ஒரு வங்கியின் அட்டையை மற்றொரு வங்கியின் ஏ.டி.எம்.மில் பயன்படுத்த உதவிய தேசிய நிதி இணைப்பை 2004இல் தொடங்கியது அந்நிலையமே. மின்கட்டணத்தையும் தண்ணீர் வரியையும் ஒரே சாளரத்தில் கட்டும் 'இ-சேவா' நிலையங்கள் 2001இல் இந்நகரில் திறக்கப்பட்டன. பின்னர் 2016இல் யு.பி.ஐ. வந்தது, காய்கறி வண்டிக்காரரும் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட அட்டையைத் தொங்கவிட்டார். இத்தகைய ஊரில் இருந்துகொண்டு நாங்கள் தவறு செய்தோம் என்பது சற்றே நாணத்தக்கதுதான்.

நடந்தது இதுவே. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, தனியே வாழும் அம்மையார் ஒருவர் எங்கள் தளத்தில் கட்டணம் செலுத்தினார். கைப்பேசியில் யு.பி.ஐ. செயலி திறந்தது, இரகசிய எண்ணை இட்டார், கணக்கிலிருந்து பணம் கழிந்தது. ஆனால் எங்கள் பக்கத்துக்குத் திரும்பும் வேளையில் இணைப்பு அறுந்தது. 'கட்டணம் பெறப்படவில்லை' என்று தளம் கூறிற்று. அவர் மறுபடியும் செலுத்தினார். மறுபடியும் அவ்வாறே ஆயிற்று. சனியும் ஞாயிறும் அவர் வீட்டுக்கு உணவு செல்லவில்லை. திங்களன்று தொலைபேசியில், "இரண்டு தடவை பணம் எடுத்துக்கொண்டீர்கள், தம்பி, ஒரு வேளைச் சோறு கூட வரவில்லையே" என்றார். குரலில் சினம் இல்லை. சினந்திருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

பிழை எங்கே? பணத்தை நேரே பெறுபவர் நாங்கள் அல்லோம். இடையே கட்டண நிறுவனம் ஒன்று நின்று, வங்கிகளோடு பேசி, பணத்தைத் திரட்டி எங்களுக்கு அனுப்புகின்றது. கட்டணம் முடிந்ததும் வாடிக்கையாளரின் கைப்பேசி எங்கள் பக்கத்துக்குத் திரும்பி வந்து, 'முடிந்தது' என்று சொல்லும். நாங்கள் அந்தச் சொல்லை மட்டுமே நம்பிக் கணக்கெழுதினோம். வீட்டுச் சிறுவனைக் கடைக்கு அனுப்பி, 'அப்பா பணம் கட்டிவிட்டார்' என்று சொல்லச் செய்வதை ஒத்தது அது. சிறுவன் வழியிலேயே நின்றுவிடலாம். கட்டாத பணத்தைக் கட்டியதாகவும் கூறிவிடலாம்.

தபால்காரர் கொணரும் சீட்டுக்கு ஒப்பான ஏற்பாடு இங்கும் உண்டு. தொழில் செய்வோர் அதனை 'வெப்ஹுக்' என்பர். கட்டண நிறுவனத்தின் சர்வர், எங்கள் சர்வருக்கு நேரே செய்தி அனுப்புகின்றது. (உணவு பரிமாறுபவரையே சர்வர் என்று அழைத்துப் பழகிய எங்கள் சமையற்காரர், இந்தப் பேச்சைக் கேட்டுப் பெரிதும் குழம்பினார்.) அச்செய்தியோடு முத்திரை போன்ற குறியீடு ஒன்றும் வரும். இரு தரப்பாரும் மட்டுமே அறிந்த இரகசியச் சாவியைக் கொண்டு அது கணிக்கப்படுவதால், நாங்களும் கணித்துப் பார்த்து, ஒத்திருந்தால் மட்டுமே ஏற்கின்றோம். கட்டணத் தொகையையும் வாடிக்கையாளரின் திரையிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், எங்கள் சர்வரே குறிக்குமாறு செய்தோம். திரையிலுள்ள எண்ணை மாற்றுதல் கைதேர்ந்தவருக்கு அரிதன்று. பல நிறுவனங்கள் தொகையைப் பைசாவிலேயே கேட்கின்றன. 3,600 என்று எழுதிவிட்டால் முப்பத்தாறு ரூபாய்தான் வந்து சேரும்!

இவ்வளவும் செய்த பின்னர் ஒரு வீட்டுக்கு இரண்டு அடுக்கு உணவு போயிற்று. நேர்முக அறிவிப்பு சில வேளைகளில் இருமுறை வரும். எங்கள் சர்வர் உரிய காலத்தில் 'பெற்றோம்' என்று விடை கூறாவிட்டால், நிறுவனம் மீண்டும் அனுப்பும். அது குற்றமன்று, முறையே ஆகும். ஒவ்வொரு கட்டணத்துக்கும் உரிய அடையாள எண்ணை ஒரே ஒருமுறைதான் பதியலாம் என்று கணக்கேட்டிலேயே தடை வைத்த பிறகே அது நின்றது.

அட்டை எண்களை நாங்கள் தொடுவதே இல்லை. 2022 அக்டோபர் 1 முதல் வணிகர் எவரும் அவற்றைச் சேமித்து வைத்தல் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு முன்னரும் சிறு தளங்கள் அவற்றை வைத்திருந்தது வீண் துணிச்சல் என்றே எங்களுக்குத் தோன்றுகின்றது.

அம்மையாரின் பணம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கணக்கில் பணம் கழிந்து, வணிகருக்கு உறுதிமொழி சேராவிடில், ஐந்து நாட்களுக்குள் அது தானே திரும்ப வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் ஆணையிட்டது. ஆனால் இவருடைய பணமோ கட்டண நிறுவனத்தை இருமுறையும் ஒழுங்காகவே அடைந்திருந்தது. ஏட்டில் எழுதாதவர்கள் நாங்களே. ஆகவே ஒரு கட்டணத்தை அவர் கணக்குக்கே திருப்பினோம். உணவு செல்லாத இரு நாட்களுக்கு உரியதை அடுத்த மாதத்தில் கழித்தோம்.

இப்போது நாள்தோறும் இரவில் கட்டண நிறுவனத்தின் பட்டியலையும் எங்கள் ஏட்டையும் வரி வரியாக ஒப்பிடுகின்றோம். ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பெயர் காணப்படின், காலையில் அடுப்பு மூட்டுமுன் அவ்வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகின்றோம். அந்த அம்மையாரோ, கட்டணம் செலுத்தியதும் தாமே எங்களை அழைத்து, "வந்து சேர்ந்ததா, தம்பி?" என்று கேட்டுவிடுகின்றார்.