ஈரநிலச் செடிகளும் ஓவியர் கரங்களும்

போனக்காட்டிலிருந்து அகத்தியர்கூடம் செல்லும் வழியெங்கும் ஓடைகள் உள்ளன. ஓடைக்கரையிலும் சதுப்பிலும் வளரும் செடிகளை அழுத்தி உலர்த்தினால் நிறம் மங்கும், தண்டு தட்டையாகும், காற்றறைகள் நசுங்கும். ஆகவே, ஆய்வாளருக்கு உலர்த்திய செடியுடன் ஓவியமும் இன்றியமையாதது.

இக்கலைக்குத் தென்னாட்டில் நீண்ட வரலாறு உண்டு. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் செப்புத்தகட்டு அச்சுப் படங்களில் தாமரையும் ஆம்பலும் உள்ளன. செடிகளின் பயன்களை எடுத்துரைத்த வைத்தியர் இட்டி அச்சுதனின் பெயரும் அந்நூலில் பதிவாகியுள்ளது.

பின்னர், சென்னையில் ராபர்ட் வைட் கல்லச்சைக் கையாண்டார். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து கல்லை நனைப்பர். நனைந்த பகுதி அச்சு மையை ஏற்காது, கோடுகள் மட்டுமே ஏற்கும். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவரது 'இக்கோனெஸ்' நூலில் 2,101 படங்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றுக்கு மூலம் வரைந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள். கோவிந்துவைச் சிறப்பிக்க ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் அவர் பெயரைச் சூட்டினார். பிற்கால வகைப்பாட்டில் அப்பெயர் வழக்கொழிந்தது.

சதுப்பு தூர்ந்தால் செடி மறையும். படம் மட்டுமே எஞ்சும். அந்நிலை வாராதிருக்க, ஈரநிலங்களைக் காக்கும் திட்டங்களில் உள்ளூர் இளைஞருக்குத் தாவர ஓவியப் பயிற்சியும் இடம்பெறுதல் வேண்டும். வரைந்தவர் பெயரும் படத்தின் அடியில் பொறிக்கப்படுதல் வேண்டும்.