உயில்களில் ஒரு குடும்பம்: ஃபிலடெல்பியா ஆஸ்டினும் அவர் முன்னோரும் பின்னோரும்



திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 1905ஆம் ஆண்டில் கிடைத்தன. முதலாம் இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டில், பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு வழங்கியதைச் சொல்லும் ஆவணம் அது. எல்லை, வரி, உரிமை என்று நிலத்தைப் பற்றிப் பேச வந்த ஏடுகளே சோழர் குலவரிசையையும் நமக்குச் சொல்லிவிடுகின்றன. சொத்தைப் பற்றிய எழுத்துத்தான் குடும்பத்தைப் பற்றிய எழுத்தாகவும் நிலைக்கிறது என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்தார்க்கு எடுத்துக்கூற வேண்டுவதில்லை. கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் கதையைப் பிற்காலத்தில் ஒருவர் எழுத முற்பட்டால், அவருக்கும் பட்டாவும் பாகப்பிரிவினைப் பத்திரமும் வில்லங்கச் சான்றுமே முதல் ஏடுகளாக அமையும். அவற்றில் பெண்ணின் பெயர் எந்த இடத்தில் வருகிறது, எந்த இடத்தில் வராமற் போகிறது என்பதையும் அவர் கவனிக்க வேண்டியிருக்கும்.

அவ்வாறு கவனித்துப் படிக்கத்தக்கது ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் ஆவணத் தொகுதி. கெண்ட் மாவட்டத்தில் தொடங்கி, நம் சோழமண்டலக் கடற்கரையைத் தொட்டு, ஆங்கில நாவலின் தலைமை எழுத்தாளர் ஒருவரின் உயிலில் அது முடிகிறது. அதன் நடுவில் நிற்பவர் ஃபிலடெல்பியா ஆஸ்டின். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினுக்கு இவர் அத்தை, அதாவது தந்தையுடன் பிறந்தவர்.

கதை இவர் பிறப்பதற்கு முன்பே ஓர் உயிலில் தொடங்குகிறது. கெண்டில் துணி வணிகத்தால் செழித்த குடும்பங்களில் ஒன்று, ஹார்ஸ்மண்டன் ஊரில் பிராட்ஃபோர்டு இல்லத்து ஆஸ்டின் குடும்பம். அதன் மூத்தவரான ஜான் ஆஸ்டினின் மகன் 1704இல் இறந்தார். மனைவி எலிசபெத் வெல்லரையும், ஒரு பெண்ணும் ஆறு ஆண்களுமாக ஏழு பிள்ளைகளையும், போதாக்குறைக்குக் கடனையும் விட்டுச் சென்றார். கடனைத் தீர்க்க உதவுவதாக மாமனார் வாய்ச்சொல் தந்திருந்தார். 1705இல் அவரும் மறைந்தார். உயிலைப் பிரித்தபோது, சொத்தின் பெரும்பகுதி மூத்த பேரன் ஒருவனுக்கே போயிருந்தது. வாய்ச்சொல் உயிலில் ஏறவில்லை. உயிலை நிறைவேற்ற வேண்டியவர்களும் எழுத்தில் இல்லாததைத் தர மறுத்தனர்.

எலிசபெத் வெல்லர் வீட்டுப் பொருள்களை விற்றுக் கடனை அடைத்தார். பிறகு, நிலவுடைமைக் குடும்பத்துப் பெண் செய்யத் தயங்கும் ஒன்றைத் துணிந்து செய்தார். 1708இல் செவனோக்ஸ் ஊருக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள பள்ளியின் ஆசிரியரையும் மாணவரையும் தம் வீட்டில் தங்கவைத்துப் பராமரிக்கும் பொறுப்பை ஏற்றார். அதன் பயனாகப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்புக் கிடைத்தது. வரவு செலவையும், தாம் ஏன் இம்முடிவை எடுத்தார் என்பதையும் குறிப்பேட்டில் எழுதிவைத்து, 1721இல் காலமானார். அந்தக் குறிப்பேடு உயில் அன்று. உயில் செய்த தீங்குக்கு ஒரு பெண் எழுதிய மறுமொழி. குடும்பத்தின் எழுத்துத் திறத்துக்கு மூலம் தேடுவோர் இங்கேதான் தொடங்க வேண்டும்.

அவர் வளர்த்த மகன்களுள் ஃபிரான்சிஸ் செவனோக்ஸில் வழக்கறிஞராகிப் பெருஞ்செல்வர் ஆனார். வில்லியம், டன்பிரிட்ஜில் அறுவை மருத்துவர். இந்த வில்லியத்தின் மகளே 1730இல் பிறந்த ஃபிலடெல்பியா. மறு ஆண்டில் தம்பி ஜார்ஜ் பிறந்தார்; பின்னர் லியனோரா என்னும் தங்கையும் பிறந்தாள். பிள்ளைகள் சிறு வயதினராக இருந்தபோதே தாய் மறைந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டு 1737இல் இறந்தார். மறுமணத்துக்குப் பின் தம் உயிலைத் திருத்தி எழுத அவர் மறந்துவிட்டார். ஆகவே சட்டம் புது மனைவியின் பக்கம் நின்றது. டன்பிரிட்ஜ் வீடு மாற்றாந்தாயின் அனுபவத்தில் இருந்தது. அது பிள்ளைகள் பங்குக்கு வந்தது 1768இல் அவர் இறந்த பிறகுதான். முப்பத்தோர் ஆண்டுகள்! பாட்டி எலிசபெத்தை ஒருவர் எழுதிய உயில் வருத்தியது. பேத்தியை ஒருவர் திருத்தாமல் விட்ட உயில் வருத்தியது.

மூன்று பிள்ளைகளும் உறவினர் ஆதரவில் வளர்ந்தனர். ஜார்ஜ் டன்பிரிட்ஜ் பள்ளியில் படித்து, பதினாறாம் வயதில் ஆக்ஸ்ஃபோர்டு சென்று, பின்னர்ச் சமயகுருவானார். ஃபிலடெல்பியாவை 1745இல், லண்டன் கோவன்ட் கார்டன் பகுதியில் தொப்பி, நாடா, ஆடையணி செய்து விற்கும் அம்மையார் ஒருவரிடம் தொழில் பயில விட்டனர். அதற்குக் கட்டணம் 45 பவுன். ஒரே குடும்பத்தில் தம்பிக்கு இலத்தீன், அக்காளுக்கு ஊசி.

பயிற்சி முடிந்தபின் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இசைவு பெற்றுக் கப்பலேறினார். 1752 சனவரியில் புறப்பட்ட ‘பாம்பே காசில்’ அவ்வாண்டு ஆகஸ்டில் சென்னைக் கடலில் நங்கூரமிட்டது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. அலைமோதும் கரைக்கு மசூலாப் படகில்தான் வர வேண்டும். பிரெஞ்சுக்காரர் 1746இல் பிடித்த சென்னை மீண்டு மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. இடைக்காலத்தில் கம்பெனியின் சோழமண்டலத் தலைமை கடலூர்ப் பக்கத்துச் செயின்ட் டேவிட் கோட்டையில் இருந்தது. வடக்கே நம் பழவேற்காட்டிலோ டச்சுக்காரர்கள். திருமணத்துக்காகக் கப்பலேறிய ஆங்கிலப் பெண்கள் வந்திறங்கிய கரை இப்படி இருந்தது.

1753 பிப்ரவரி 22ஆம் நாள் கடலூரில், கம்பெனியின் மருத்துவர் டைசோ சால் ஹான்காக்கை ஃபிலடெல்பியா மணந்தார். அதற்கு நான்கு நாள் முன்புதான் சென்னையில் ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கலினை மணந்திருந்தார். கிளைவின் மணம் வரலாற்று நூல்களில் இடம்பெற்றது. மருத்துவரின் மணம் ஓர் ஏட்டில் ஒரு வரியாயிற்று. ஹான்காக்கின் லண்டன் அலுவல்களைப் பார்த்துவந்த வழக்கறிஞர் பெண்ணின் பெரியப்பா ஃபிரான்சிஸ் ஆஸ்டின் என்பது நினைக்கத்தக்கது. கடல் கடந்து நடந்த இந்த மணத்துக்குப் பின்னே ஒரு வழக்கறிஞரின் மேசை இருந்திருக்கும் என்று கருதுவது தவறாகாது.

1759இல் தம்பதியர் வங்காளம் சென்றனர். அங்கே வாரன் ஹேஸ்டிங்ஸின் நட்பு வாய்த்தது. 1761 டிசம்பரில் கல்கத்தாவில் எலிசபெத் என்னும் எலைசா பிறந்தாள். ஹேஸ்டிங்ஸே அவளுக்கு ஞானத்தந்தை. அவர்தாம் உண்மைத் தந்தை என்றும் ஊர் பேசிற்று. கிளைவ் 1765இல் தம் மனைவிக்கு எழுதிய மடலில், திருமதி ஹான்காக்கோடு பழக வேண்டாம் என்று எச்சரித்தார். இந்த வம்புக்குச் சான்றாவணம் எதுவுமில்லை. இருநூறு ஆண்டுகளாகப் பலர் இதிலேயே சுற்றி வருகின்றனர். உண்மையில் உள்ள ஆவணம் இதைவிடச் சுவையானது.

அது ஹேஸ்டிங்ஸ் செய்த நிதி ஏற்பாடு. 1772இல் எலைசாவின் பெயரில் 5,000 பவுன் ஒதுக்கினார். 1775இல் அதை 10,000 பவுனாக உயர்த்தினார். பெற்றோர் உயிருள்ளவரை வட்டி அவர்களுக்கு. அதன்பின் முதல் மகளுக்கு. பொறுப்பாளர் இருவர்: ஹேஸ்டிங்ஸின் உறவினரான உட்மனும், ஃபிலடெல்பியாவின் தம்பி ஜார்ஜ் ஆஸ்டினும்.

இங்கே சற்று நிற்க வேண்டும். நம் சார்பதிவாளர் அலுவலகங்களில் ‘தான செட்டில்மெண்ட்’ என்று சொல்லக் கேட்கிறோம். உயில் எழுதியவர் இறந்தபின் உயிர் பெறுகிறது. அதுவரை எத்தனை முறையும் மாற்றலாம். செட்டில்மெண்ட் எழுதிய அன்றே உயிர் பெறுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்த வேறுபாடு பெண்ணுக்கு வாழ்வும் தாழ்வுமாக இருந்தது. மணமான பெண்ணின் பணமும் நகையும் சட்டப்படி கணவனுடையவை. அவள் நிலத்தின் வருவாயும் அவன் கையில். நம் பழைய நூல்களின் சீதனம் போலவோ, யாழ்ப்பாணத்துத் தேசவழமையில் பெண்ணுக்கு நின்ற சீதனச் சொத்துப் போலவோ அவளுக்கென்று ஒன்று நிற்க வேண்டுமானால், பொறுப்பாளர் கையில் ஒப்படைத்து எழுதிய ஆவணம் ஒன்றே வழி. அந்நாட்டில் இந்நிலை மாறத் தொடங்கியது 1870, 1882 ஆண்டுகளின் சட்டங்களால்தான். தமிழ்நாட்டில் மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனோடொத்த பங்கு தந்த திருத்தம் 1989இல் வந்ததை எண்ணினால், நாம் அவர்களைப் பார்த்து நகைக்க இடமில்லை.

1765இல் ஹான்காக் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. கொண்டுவந்த பணம் விரைவில் கரைந்தது. 1768இல் ஹான்காக் மட்டும் மீண்டும் வங்காளம் சென்று, 1775 நவம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அவர் எஸ்டேட்டைக் கடன் விழுங்கிவிட்டது. அவர் உயிலில் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. ஜான் ஸ்மார்ட் தீட்டிய ஃபிலடெல்பியாவின் சிற்றோவியத்தை வைரம் சூழ மோதிரத்தில் பதித்திருந்தார். அதைத் தாயின் நினைவாக வைத்துக்கொள்ளுமாறு மகளுக்கு எழுதிவைத்தார். ஊர்வம்பைக் கணவர் எவ்வாறு கொண்டார் என்பதற்கு இந்த மோதிரத்தைவிட வேறு விடை வேண்டுமா? (அந்த ஓவியர் ஸ்மார்ட் பின்னாளில், 1785 முதல் பத்தாண்டுகள் சென்னையிலேயே வாழ்ந்து படம் வரைந்தார்.)

தாயும் மகளும் ஹேஸ்டிங்ஸ் வைத்த நிதியின் வட்டியில் ஐரோப்பாவுக்குச் சென்றனர். 1781இல் எலைசா, ஃபெயீத் என்னும் பிரெஞ்சுப் பிரபுவை மணந்தாள். ஜார்ஜ் ஆஸ்டின் இதை விரும்பவில்லை. பணம் பிரெஞ்சுக் கடன்பத்திரங்களுக்குப் போய்விடுமோ என்று பொறுப்பாளர் அஞ்சினர். அந்த அச்சம் வீணன்று. 1794 பிப்ரவரியில் கணவரின் தலை கில்லட்டினில் வீழ்ந்தது. பிரெஞ்சு நாட்டுச் சொத்து அவளுக்கு எட்டாக்கனியாயிற்று. ஃபிலடெல்பியா இதைக் காண இருக்கவில்லை, 1792இலேயே மறைந்தார்.

எலைசா 1797 டிசம்பர் 31இல் ஜார்ஜின் மகன் ஹென்றியை மணந்தாள். தமிழ் மரபில் அத்தை மகள் முறைப்பெண்ணே. பெண் பத்தாண்டு மூத்தவள் என்பதே இங்குப் புருவத்தை உயர்த்தும். ஹென்றி பின்னர் வங்கி நடத்தினார். எலைசா 1813இல் இறந்து, ஹாம்ஸ்டெட்டில் தாயும் மகனும் துயிலும் இடத்திலேயே அடக்கமானாள்.

இவ்வளவையும் கேட்டு வளர்ந்தவர் ஜேன் ஆஸ்டின். 1792இல், பதினாறு வயதில், அவர் எழுதி முடிக்காமல் விட்ட ‘கேதரின்’ கதையில், ஆதரவற்ற பெண் ஒருத்தியை மாப்பிள்ளை தேட வங்காளத்துக்கு அனுப்புகிறார்கள். மணம் முடிகிறது, மகிழ்ச்சி இல்லை. அத்தையின் கப்பல் அதில் தெரிகிறது. 1811இல் வெளிவந்த ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலோ ஒரு கிழவரின் உயிலில் தொடங்குகிறது. பெண்களைக் கடந்து சொத்து ஒரு சிறு பையனுக்குப் போய்ச் சேர, அவர்களுக்கு உதவுவதாகத் தந்த வாக்கு காற்றில் போகிறது. பிராட்ஃபோர்டு உயிலை அறிந்தவர்க்கு இது கற்பனையாகத் தோன்றாது. கவிஞர்கள் நிறைந்த இந்த அவை இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். சொத்துப் பத்திரத்தின் வறண்ட நடையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது கருப்பொருளை மட்டுமன்று. இத்தனை பவுன், இன்னாருக்கு, இந்த நிபந்தனையில் என்று துல்லியமாகச் சொல்லும் அந்த நடையின் குளிர்ச்சியையும்தான். அவர் நாவல்களில் ஒவ்வொருவரும் ஆண்டு வருவாயோடு அறிமுகமாவது இதனால்தான்.

இந்த வரிசையில் அவரே இரண்டு உயில்களைச் சந்தித்தார். 1816 மார்ச்சில் ஹென்றியின் வங்கி முறிந்தது. குடும்பம் தளர்ந்திருந்த நேரத்தில், 1817 மார்ச் 28ஆம் நாள் செல்வந்தரான தாய்மாமன் லீ பெரட் காலமானார். அவர் உயில் எல்லாவற்றையும் மனைவிக்கே விட்டது. மருமக்களுக்கு ஆளுக்கு ஆயிரம் பவுன், அதுவும் அந்த மனைவியின் காலத்துக்குப் பிறகு உயிரோடிருப்பவர்க்கு மட்டும். அவர் 1836 வரை வாழ்ந்தார். நோயுற்றிருந்த ஜேன் இச்செய்தியால் மேலும் நலிந்தார்.

ஒரு மாதம் சென்று, 1817 ஏப்ரல் 27ஆம் நாள், தம் உயிலைத் தம் கையாலேயே எழுதினார். எல்லாம் அக்காள் கஸாண்ட்ராவுக்கு. விலக்கு இரண்டே: ஹென்றிக்கு 50 பவுன், பிஜியோன் அம்மையாருக்கு 50 பவுன். இந்த அம்மையார் எலைசாவின் வீட்டில் நெடுங்காலம் பணிபுரிந்து, அவள் மகனையும் அவளையும் நோயில் பார்த்துக்கொண்ட பிரெஞ்சுப் பெண்மணி. ஹென்றியின் வங்கி முறிந்தபோது அவர் சேமிப்பும் போயிற்று என்பர். ரத்த உறவில்லாத அவர் பெயரை எழுத வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சூலை 18இல் ஜேன் மறைந்தார். உயிலில் சாட்சிக் கையொப்பம் இல்லை. ஆகவே, எழுத்து அவருடையதே என்று அறிந்தவர் இருவர் உறுதிமொழி கொடுத்தபின், செப்டம்பரில் நீதிமன்றம் அதை ஏற்றது. எஸ்டேட்டின் மதிப்பு 800 பவுனுக்கு உட்பட்டது.